பட்டாவுக்கு வந்த வருத்தம்

சிவகௌரியின் பட்டா என்கிற சின்ன லொறி டீசல் குடிக்க அடம்பிடிக்கத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. குடிக்கவே மாட்டேன் என்று அது சொல்வதில்லை. சோறு தீத்தும்போது ஒரு வாய் வாங்கிக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் குழந்தையைப்போலக் கொஞ்சம் வாங்கும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். பம்பின் பைப்பைத் தாங்கியின் வாய்க்குள் வைத்து அமத்தினால் உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். தாங்கி நிரம்பிவிட்டது என்று நினைத்து அடுத்த நொடியே பம்ப் 'டக்' என்று தானாக நின்றுவிடும். தாங்கியோ வெறுந்தாங்கி. மறுபடி அமத்த வேண்டும். மறுபடி களக். மறுபடி டக். இடையிடையே, பிடித்திருப்பவரின் கையில் ஒரு துப்பல் வேறு.

சண்டிலிப்பாயில் இருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குத் தானே லொறி ஓட்டிப் போகிறவள் சிவகௌரி. அவளுடைய கணவர் பஞ்சலிங்கம் பக்கத்து இருக்கையில் வருவார். அவருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் பிரேக்கை அமத்தும்போதெல்லாம் வயிறு மடிபடுகிறது, மடிபட்டால் வாய்வு மேலே ஏறுகிறது என்று சொல்லி, ஸ்டியரிங்கை எப்போதோ மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

பஞ்சலிங்கத்தின் வாய்வை ஊரில் அறியாதவர் இல்லை. பருப்பென்றால் இடது பக்கம், பலாப்பழமென்றால் வலது பக்கம், மரவள்ளிக்கிழங்கென்றால் முதுகுப் பக்கம் என்று, காற்று இப்போது எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எப்போது கரையைக் கடக்கும் என்பதையெல்லாம் வானிலை அறிக்கை வாசிப்பவரைப்போல அவர் சொல்லுவார். யாரைக் கண்டாலும் சொல்லுவார். சொந்தக்காரப் பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு வீட்டில் வீடியோ எடுக்க வந்தவரிடம் மேடையில் நின்றே சொல்லி, அது அப்படியே பதிந்து, கனடாவில் இருக்கும் இனசனம் முழுவதும் பார்த்தது. அன்றிலிருந்து ரொறன்ரோவில் இருந்து போன் எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணைக்கு இப்ப காத்து எப்பிடி?" என்றுதான். சிவகௌரிக்கு அந்தப் போனைக் கிணற்றுக்குள் போட்டால் என்ன என்று இருக்கும்.

அவர்கள் வழக்கமாக டீசல் அடிப்பது கண்டி வீதியில், சந்தைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு பெற்றோல் செட்டில். அங்கே பைப் பிடிக்கிறவர் செல்வநாயகம் என்ற, அதிகம் சிரிக்காத மனிதர். பட்டா முதன்முதலாக 'டக்' சொன்னபோது அவர் தன்னுடைய பம்பைச் சந்தேகித்தார். இரண்டாம் முறை சிவகௌரியைச் சந்தேகித்தார். மூன்றாம் முறை, லொறி செட்டுக்குள் திரும்புவதைக் கண்டதுமே உள்ளே போய், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிவந்து பம்புக்குப் பக்கத்தில் போட்டு, அதில் இருந்துகொண்டு பைப்பைப் பிடித்தார். அதற்கடுத்த முறை மற்றக் கையில் தேத்தண்ணியும் இருந்தது.

"அக்கா, குறை நினைக்கக்கூடாது. உங்கடை தாங்கி நிரம்பிற நேரத்துக்கு நான் ஒரு தென்னம்பிள்ளையை வைச்சுத் தண்ணி ஊத்திக் காயும் புடுங்கியிடுவன்" என்றார்.

சிவகௌரி லொறியைச் சண்டிலிப்பாயிலேயே கராஜ் வைத்திருக்கும் சயந்தனிடம் கொண்டுபோனாள். அவன் தாங்கியின் மூடியை மாற்றினான். பில்டரை மாற்றினான். வாய்க்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, கையைத் துடைத்தான்.

"அக்கா, தாங்கியிலை ஒரு பிழையும் இல்லை. வாகனத்துக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது. அவ்வளவுதான்."

"வாகனத்துக்கு என்ன தம்பி பழக்கம்?"

"சில ஆக்கள் ஆறுதலாத்தானே சாப்பிடுவினம். அது மாதிரி."

"தம்பி, எனக்கென்னவோ இது காத்து..." என்று பஞ்சலிங்கம் தொடங்கினார்.

"உங்கடை காத்தை வீட்டை போய்ப் பாப்பம். ஏறுங்கோ" என்றாள் சிவகௌரி.

இது நடந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை பட்டா நிறையப் பூசணிக்காய் ஏற்றியிருந்தார்கள். கொடிகாமத்தில் மொத்தமாக எடுக்கிற வியாபாரி, நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளிடம் எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். டீசல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. செட்டில் மறிபட்டு நிற்க வேண்டி வரும் என்று சிவகௌரிக்குத் தெரியும். அங்கே நிற்கிற சனத்துக்கெல்லாம் கணவர் தன் குடலைப்பற்றி விளக்கம் கொடுக்கப் போகிறார் என்பதும் தெரியும். ஆகவே லொறியை ஸ்ராட் பண்ண முதலே திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. இண்டைக்கு வயிறு எண்டோ வாய்வு எண்டோ ஒரு சொல்லு உங்கடை வாயிலை இருந்து வரக்கூடாது. வந்தால் கொடிகாமத்திலை இறக்கிவிட்டிட்டு நான் தனியத்தான் திரும்பி வருவன்."

"அப்ப வாய்வு வந்தால் என்னண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். அடக்குங்கோ."

"அடக்கிறதுதானப்பா பிரச்சினையே" என்றார் பஞ்சலிங்கம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

செட்டில் அன்றைக்கு ஒரேயொரு டீசல் பம்ப்தான் வேலை செய்தது. மற்றதன் வாயில் உரப்பை கட்டியிருந்தது. சிவகௌரி பம்புக்கு முன்னால் நிறுத்தினாள். செல்வநாயகம் கதிரையை எடுத்துவரப் போனார்.

களக். டக். களக். டக்.

பின்னால் ஒவ்வொன்றாக வாகனங்கள் சேர்ந்து, வரிசை செட்டைத் தாண்டி வீதிக்குப் போனது. முதலில் ஒருவர் கோர்ன் அடித்தார். பிறகு எல்லோரும் அடித்தார்கள். பட்டாவுக்கு நேர் பின்னால் நின்ற வெள்ளை வானின் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். அவளுக்கு முன்னாலேயே மீன் மணம் வந்து சேர்ந்தது. அவள் அற்புதராணி. குருநகரில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, தானே வான் ஓட்டிச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறவள். கடற்கரையில் ஏலம் கூறிப் பழகிய தொண்டை.

"என்ன தங்கச்சி, வாகனத்துக்கு டீசல் அடிக்கிறியளோ, இல்லாட்டி ஞானஸ்நானம் குடுக்கிறியளோ? சொட்டுச் சொட்டா விடுறியள்!"

வரிசை முழுவதும் சிரித்தது. சிவகௌரிக்குக் காது சுட்டது.

"ஏன், உங்களுக்கு ஏலுமெண்டால் நீங்கள் வந்து அடியுங்கோவன்."

"அடிப்பன். எனக்கென்ன பயமே? என்ரை ஐஸ் முழுக்கத் தண்ணியாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மீன் தானா நீந்திக் கொடிகாமம் போயிடும்!"

சொன்னபடியே அவள் செல்வநாயகத்தின் கையில் இருந்த பைப்பை வாங்கி அமத்தினாள். பட்டா அவளுடைய சட்டையில் துப்பியது. அதன் பிறகு அவளுக்குச் சிவகௌரி மேல் இருந்த கோபம் முழுவதும் பட்டாவின் மேல் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தாங்கியை முறைத்தார்கள்.

"இதின்ரை வாயை அடைக்க வேணும். துணி இருக்கோ?"

ஈரச் சாக்கொன்றைக் கொண்டுவந்து பைப்பைச் சுற்றி இறுக்கி அமத்தினார்கள். துப்புவது நின்றது. ஆனால் தாங்கி உள்ளே ஏதோ முறுகுவதுபோலச் சத்தம் போட்டது, கொஞ்சம் வாங்கியது, 'டக்' என்றது. திரும்பத் துப்பிவிடுமோ என்ற பயத்தில் சிவகௌரி பைப்பை எடுத்த கையோடு மூடியை இறுக்கிப் பூட்டினாள்.

"அப்ப சரிக்க வேணும்" என்றாள் அற்புதராணி. "வள்ளத்துக்கை தண்ணி நிண்டால் நாங்கள் ஒரு பக்கமாச் சரிச்செல்லே எடுக்கிறனாங்கள்? இதுக்கு உள்ளுக்கை எங்கையோ ஒரு மூலையிலை நிக்குது. டேய், உங்கை கோர்ன் அடிக்கிற ஆம்பிளையள் எல்லாரும் இறங்கி வாங்கோ! அடிக்கிற கையாலை ஒருக்காத் தூக்குங்கோ!"

அந்தத் தொண்டைக்கு முன்னால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வரிசையில் நின்ற ஆண்கள் வந்து பட்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்கள். "ஏலேலோ!" என்று அற்புதராணி குரல் கொடுக்க, பட்டா மெல்ல எழும்பியது.

"நான் உள்ளுக்கை இருக்கிறன்!" என்று ஒரு குரல் கேட்டது.

பஞ்சலிங்கத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பேசக்கூடாது என்று சொன்னதால் அவர் இவ்வளவு நேரமும் பேசாமல் இருக்கையில் இருந்தார். இப்போது ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்கு வழுக்கி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார். அவரைப் பார்த்ததும் தூக்கியவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து கை நழுவியது. பட்டா 'தொம்' என்று விழுந்தது. பின்கதவின் கொளுக்கி கழன்றது.

பூசணிக்காய்கள் இறங்கின.

முதலில் ஒன்று இரண்டாக, பிறகு கூட்டமாக, செட்டின் சரிவில் உருண்டு கண்டி வீதிக்குப் போயின. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அவற்றுக்கு நடுவால் போனார். யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று பிரேக் அடித்து நின்றது. கொண்டக்டர் இறங்கி, வீதியில் கிடந்த காய்களைப் பக்குவமாக ஓரத்துக்கு உருட்டிவிட்டு, நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறினார். பஸ் போய்விட்டது.

சிவகௌரிக்கு அழுவதா, ஓடிப்போய்ப் பொறுக்குவதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பஞ்சலிங்கம் லொறியால் இறங்கி வந்தார். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். மற்றக் கையால் தாங்கியைக் காட்டினார். பிறகு தன் வயிற்றைக் காட்டினார். பிறகு மறுபடி தாங்கி. மறுபடி வயிறு. கடைசியில் கையை விரித்து, மேல்நோக்கி ஏதோ பறந்து போவதுபோலச் செய்து காட்டினார்.

"அண்ணைக்கு என்ன, ஊமையோ?" என்று கேட்டாள் அற்புதராணி இரக்கத்தோடு.

"ஊமையெண்டால் நான் ஏன் அக்கா கவலைப்படப் போறன்" என்றாள் சிவகௌரி. பிறகு வீதியையும், காய்களையும், வரிசையையும் பார்த்தாள். இதற்கு மேல் போக மானம் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. "சரி. சொல்லுங்கோ. சொல்லித் துலையுங்கோ."

பஞ்சலிங்கம் கையை எடுத்தார்.

"எனக்கு இருக்கிற அதே வாய்வு வருத்தம்தான் இதுக்கும்! உள்ளுக்கை காத்து நிக்குது. காத்து வெளியாலை போனாத்தானே டீசல் உள்ளுக்கை போகும்? எனக்குக் காத்து நிக்கேக்கை நாலு வாய் சோறு இறங்கும். அஞ்சாவது வாய் டக்கெண்டு நிக்கும். மிஞ்சித் தீத்தினால் துப்புவன். கௌரியைக் கேட்டுப் பாருங்கோ. 'ஏவ்' எண்டு ஒரு ஏவறை வந்தாத்தான் மிச்சம் இறங்கும். இது பாவம், ஏவறை விட வழியில்லாமல் நிக்குது. நீங்கள் எல்லாருமாச் சேந்து வாயையும் அடைச்சு, மூடியையும் பூட்டி, தூக்கிக் குலுக்கியும் விட்டிருக்கிறியள். எனக்கு இப்பிடிச் செய்திருந்தால் நான் செத்துப்போயிருப்பன்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வநாயகம் கதிரையால் எழும்பினார்.

"அண்ணை சொல்லுறதிலை ஒரு ஞாயம் இருக்கு" என்றார்.

பஞ்சலிங்கம் சாக்கை விரித்து, பட்டாவுக்குக் கீழே முதுகால் நகர்ந்து போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியில் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் டொக்டர் தன் வயிற்றைத் தட்டுவதுபோலவே இரண்டு விரலால் தாங்கியைத் தட்டிக்கொண்டு போனார். டொம். டொம். டிம்.

"இஞ்சைதான் நிக்குது" என்ற குரல் வந்தது. "பாவம், கல்லு மாதிரி இருக்கு. பொறுங்கோ, மேலை ஒரு சின்ன ரப்பர் குழாய் போகுது. இது டீசல் வாற வழியில்லை, போற வழியுமில்லை. இதுதான் இதின்ரை..." மனைவியின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "இதின்ரை மற்ற வழி."

அவர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தார்.

அந்தச் சத்தத்தை அன்று செட்டில் நின்றவர்கள் வெகுகாலம் மறக்கமாட்டார்கள். தொடக்கத்தில் அது மெல்லிய கீச்சுக்குரலாக இருந்தது. பிறகு தடித்தது. ஒரு இடத்தில் நின்றுவிட்டதுபோலப் பாசாங்கு செய்து, மறுபடி புதுப் பலத்தோடு தொடங்கி, நடுங்கி, இழுத்து, கடைசியில் இரண்டு குட்டிச் சத்தங்களோடு முடிந்தது.

கோர்ன் அடித்துக்கொண்டிருந்த கடைசி வாகனமும் நிறுத்தியது. எல்லோருடைய கண்ணும் பட்டாவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிலும் நின்றது. ஸ்கூட்டியில் இருந்த ஒரு ரீச்சர் சால்வையால் மூக்கை மூடினார்.

"நானில்லை!" என்று அடியிலிருந்து பஞ்சலிங்கம் கத்தினார். "சத்தியமா நானில்லை! தாங்கி! கௌரி, நான் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறன்!"

"மாதாவே!" என்று அற்புதராணி பக்கத்தில் கிடந்த பூசணிக்காயில் இருந்துவிட்டாள். சிரிப்பு அவளை உலுக்கியது. செல்வநாயகம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பைத் துடைப்பதுபோலத் துடைத்தார். சிவகௌரி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. பட்டாவின் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

பஞ்சலிங்கம் குழாயோடு வெளியே வந்தார். குழாயின் திறந்த நுனி களிமண்ணால் வடிவாகப் பூசி அடைக்கப்பட்டிருந்தது. அதைப் பட்டாவின் ரயரில் தட்டினார். களிமண் கட்டி உடைந்து, அதற்குள்ளிருந்து மூன்று பச்சைப் புழுக்களும் வெள்ளையாக ஒரு குஞ்சும் விழுந்தன. குளவிக்கூடு. இந்த அடம் தொடங்க முதல், சிவகௌரி சிக்குன்குன்யாக் காய்ச்சல் வந்து கை கால் மடக்க ஏலாமல் படுத்திருந்த காலம் முழுவதும் பட்டா வீட்டு மாமரத்தின் கீழ் அசையாமல் நின்றது. அந்த இடைவெளியில் ஒரு குளவி வந்து, இது நல்ல அமைதியான வீடு என்று கண்டு, சாப்பாடும் வைத்துப் பிள்ளையையும் வைத்துக் கதவைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது.

செல்வநாயகம் குனிந்து அந்தப் புழுக்களைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் ஒரு குளவியின்ரை பிள்ளைப்பேத்துக்கே நான் கதிரை போட்டுக் காவல் இருந்தனான்?" என்றார் மனம் நொந்து.

குழாயைக் கழுவி, ஊதி, திரும்பப் பூட்டினார்கள். செல்வநாயகம் வழக்கம்போலக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, பைப்பை வைத்து அமத்தினார். டீசல் வாய்க்கால் திறந்துவிட்டதுபோல மளமளவென்று இறங்கியது. அவர் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோக முதல் 'டக்' என்றது. பட்டாவின் 'டக்'கை யார் நம்புவார்? அவர் பழக்க தோசத்தில் மறுபடி ஓங்கி அமத்தினார். இந்த முறை தாங்கி உண்மையாகவே நிரம்பியிருந்தது. டீசல் எழும்பி, அவருடைய சட்டை, கண்ணாடி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும் நனைத்தது. அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, காலியான கதிரையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ ஒரு உறவு முடிந்துபோனதுபோல உள்ளே நடந்தார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பூசணிக்காய் பொறுக்கிக் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்குள் அற்புதராணி டீசல் அடித்துக்கொண்டு முந்திவிட்டாள். அதனால் இவர்கள் கொடிகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதையும் போய்ச் சேர்ந்திருந்தது. வெங்காயக் கடையில் அது, ஒரு மனிதர் லொறியைத் தட்டிப் பார்த்து அதன் வருத்தம் என்னவென்று சொன்ன கதையாக இருந்தது. வாழைக்குலைக் கடையில், ஒரு மனிதர் ஏவறை விட்டு லொறியை ஸ்ராட் பண்ணிய கதையாக மாறியிருந்தது. பூசணிக்காய் எடுக்கிற வியாபாரி பிந்தி வந்ததற்கு ஏசுவதற்கு வாயைத் திறந்தவர், பஞ்சலிங்கத்தைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"அண்ணை, உண்மையே? என்ரை தண்ணி மோட்டரும் இழுக்குதில்லை. ஒருக்கா வந்து காது வைச்சுப் பாக்கிறியளோ?"

சந்தையின் மீன் பக்கத்தில் இருந்து அற்புதராணி கையில் ஒரு பொதியோடு வந்தாள். நல்ல விளைமீன் ஒன்று, ஐஸோடு சுற்றி. "இது அண்ணைக்கு. நான் கனகாலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வயிறு நோகச் சிரிச்சனான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, என்ரை வானுக்கும் ஒரு சத்தம் கேக்குது. பள்ளத்திலை விழுந்து எழும்பேக்கை பின்பக்கத்தாலை முனகுது. அதுவும் வாய்வோ?"

பஞ்சலிங்கம் மிகப் பொறுப்பாக வானின் பின்பக்கத்தில் காதை வைத்தார். அற்புதராணி வானை அமத்தி அமத்தி விட்டாள். அது முனகியது. அவர் கண்ணை மூடிக் கேட்டு, நிமிர்ந்தார்.

"இது வாய்வில்லை. இருந்து எழும்பேக்கைதான் முனகுது. இது மூலம்" என்றார்.

திரும்பி வரும்போது மீன் பொதி பஞ்சலிங்கத்தின் மடியில் இருந்தது. ஐஸ் கரைந்து அவர் கட்டியிருந்த சாரம் நனைந்தது. வீதி சனமில்லாமல் வெளித்திருந்தது. கொஞ்சத் தூரம் போனபின் சிவகௌரி, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தானாகவே கேட்டாள்.

"இப்ப எப்பிடி இருக்கு உங்கடை வயிறு?"

பஞ்சலிங்கம் யோசித்தார். இடது பக்கம் யோசித்தார், வலது பக்கம் யோசித்தார்.

"அட, காலைமை தொடக்கம் ஒண்டுமே தெரியேல்லையப்பா. மறந்தே போனன்."

"அப்ப இனி மறந்துகொண்டே இருங்கோ" என்றாள் அவள். பிறகு திடீரென்று பிரேக்கில் காலை வைத்தாள். "ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே! உந்த மீனோடை வீட்டு வாசல் மிதிச்சால் விரதம் பிடிக்கிற உங்கடை அம்மா எங்களை உள்ளுக்கை விடுவாவே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மீனைப் பார்த்தார்கள்.

"சயந்தன்ரை கராஜிலை ஒரு பிரிட்ஜ் இருக்கு" என்றார் பஞ்சலிங்கம். "வாகனத்தைக் காட்டப் போறம் எண்டு சொல்லிப் போவம்."